பதினோரடிச் சுவர்

வால்பேப்பர் ஒட்டுகிறவரை எல்லோரும் குண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்கு அவர் கோபித்துக்கொண்டதில்லை. சுவரில் நேர்கோடு பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடுகிற தூக்குக்குண்டிலிருந்து அந்தப் பெயர் வந்ததாகப் புது வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொள்வார். அவருடைய இடுப்பைப் பார்த்த பிறகு அதை யாரும் நம்பியதில்லை. மறுத்துப் பேசவும் யாருக்கும் மனம் வந்ததில்லை.

அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ஆறடி இரண்டங்குலம். கை நீளம், கால் நீளம், கழுத்து அதைவிட நீளம். அவனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தது குண்டுதான். இந்த ஜோடியைக் கடவுள் வால்பேப்பருக்கென்றே அளவெடுத்துச் செய்து அனுப்பியிருந்தார். பசை தடவின பட்டையைக் கொக்கு மேலே கூரையோரம் பிடித்து நிறுத்துவான். குண்டு கீழே குந்தி உட்கார்ந்து இழுத்துத் தடவி, தரையோரம் கத்தி போடுவார். பதினோரு வருடம் இப்படியே ஓடியது. ஒருவர் குனிய வேண்டாம், ஒருவர் எக்க வேண்டாம்.

நாலு மாதத்துக்கு முன்னால் கொக்கு ஒரு பேனல் கம்பெனியில் போய்ச் சேர்ந்துவிட்டான். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பசை வாங்குகிற கடையில் வைத்துத்தான் குண்டுவுக்கே தெரியவந்தது. முதுகில் கம்பெனி பெயர் போட்ட டீ-ஷர்ட்டோடு மச்சினன் வரிசையில் முன்னால் நின்றுகொண்டிருந்தான். பின்னாலிருந்து அந்தக் கழுத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

பிளாஸ்டிக்கில் மரம்போல வரிவரியாக அச்சு வார்த்து, பின்னால் பிசின் வைத்து, நாலு ஸ்குரூ முடுக்கிவிட்டுப் போகிற தொழில் அது. சுவருக்குப் பல்செட் மாட்டுகிற வேலை என்பார் குண்டு. பல்செட் மாட்டுகிறவனோடு எனக்கென்ன பேச்சு என்று அன்றைக்கே பேச்சை நிறுத்தினார். கொக்குவும் நிறுத்தினான். அவன் தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்று மனைவி அழவில்லை. அழுதிருந்தால் குண்டு சமாளித்திருப்பார். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், ஒன்று சொன்னாள்.

"அவன என்ன வேணும்னாலும் திட்டிக்கோங்க. நன்றி கெட்டவன்னு சொல்லுங்க, முட்டாள்னு சொல்லுங்க. சோத்த மட்டும் சொல்லிக் காட்டிடாதீங்க. அந்தச் சோத்த நானும்தான் தின்னேன். அவனுக்குச் சொன்னா எனக்கும் சொன்ன மாதிரி. அன்னைக்கே நான் அவன்கிட்ட போயிடுவேன்."

கல்யாணமாகி வரும்போது அவள் இரண்டு உருப்படிகளோடு வந்தாள்: ஒரு தகரப் பெட்டி, ஒரு தம்பி. அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். தம்பிக்கு அப்போது பன்னிரண்டு வயது. எனவே சோறு என்ற அந்த ஒரு சொல்லுக்கு அந்த வீட்டில் என்ன எடை என்பது குண்டுவுக்குத் தெரியாமல் இல்லை. நான் அப்படிப்பட்ட ஆளா என்று மனைவியிடம் சலித்துக்கொண்டார். அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான், வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்து கொடுக்கிற டிசைனர் மேடம் ஒருத்தியின் வேலை வந்தது. ஆறாவது மாடியில் ஒரு புது வீடு. பெரிய ஹால். அதில் சோபாவுக்குப் பின்னால் வருகிற சுவர் பதினோரடி உயரம். இடது பாதிக்கு வால்பேப்பர், வலது பாதிக்கு பேனல். பேப்பருக்குக் குண்டுவையும் பேனலுக்கு ஒரு கம்பெனியையும் மேடம் ஏற்பாடு செய்தாள். கம்பெனி அனுப்புகிற ஆள் யார் என்று அவள் கேட்கவில்லை. கம்பெனியும் சொல்லவில்லை. முதல்நாள் மதியம் குண்டு தன் பையோடு லிஃப்டிலிருந்து இறங்கியபோது, கதவுச் சட்டத்தில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது அந்தக் கழுத்து.

வணக்கம் இல்லை, திட்டு இல்லை, காறித் துப்புவதுகூட இல்லை. இரண்டு பேரும் அவரவர் பையைத் திறந்தார்கள்.

பேப்பரும் பேனலும் சந்திக்கிற இடத்தில் ஒரு கோடு வேண்டும். குண்டு கூரையில் ஆணி அடித்து, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது ஆடி நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்து, பென்சிலால் கோடு போட்டார். கொக்கு ஒரு சின்னப் பெட்டியைத் தரையில் வைத்துப் பொத்தானை அழுத்தினான். சுவரில் சிவப்பு வெளிச்சம் ஒரு கோடாக விழுந்தது. அது குண்டுவின் கோட்டோடு மேலே ஒட்டிப்போய், கீழே ஒரு விரல்கடை விலகி நின்றது.

யாருடைய கோடு நேர் என்பதைப் பேசித் தீர்க்க ஐந்து நிமிடம் போதும். பேசாதவர்களுக்கு அந்த வசதி கிடையாது. கொக்கு தன் சிவப்பு மார்க்கரை எடுத்து, பென்சில் கோட்டுக்கு ஒரு அம்புக்குறி போட்டு, 'கோணல்' என்று எழுதினான். தன் பக்கத்தில், பேனல் வந்து மூடப்போகிற இடத்தில்தான் எழுதினான்.

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். பேனல்காரர்கள் சுவரில் எதை வேண்டுமானாலும், எதைக்கொண்டு வேண்டுமானாலும் எழுதுவார்கள். எல்லாம் பேனலுக்குப் பின்னால் போய்விடும். பேப்பர்காரர்கள் பென்சிலைத் தவிர எதையும் சுவரில் வைக்கமாட்டார்கள். பேனா மையும் மார்க்கர் மையும் பசையின் ஈரத்தைக் குடித்துக்கொண்டு பேப்பருக்கு வெளியே வந்துவிடும். மேலே வெள்ளை அடித்தாலும் வரும். வீட்டுக்காரர்கள் யாராவது பால்பாயிண்ட் பேனாவோடு சுவர்ப்பக்கம் போனால் குண்டு ஓடிப்போய்க் கையைப் பிடிப்பார்.

குண்டு தன் பென்சிலால் அம்புக்குறிக்குக் கீழே எழுதினார்: 'சுவர் கோணல் இல்ல, பாக்குற கண்ணு.' கொக்கு அவர் எட்டாத உயரத்தில் எழுதினான்: 'இதுக்குத்தான் போனேன்.' குண்டு தம் உயரத்தில், அதாவது தம் மார்பு உயரத்தில், 'போனது நல்லது, கூரை தப்பிச்சுது' என்று எழுதினார். இப்படி மேலேயும் கீழேயுமாகச் சண்டை கொஞ்ச நேரம் நடந்தது. உண்மையைச் சொன்னால், நாலு மாதத்தில் குண்டு அவ்வளவு உற்சாகமாக இருந்ததில்லை.

பிறகு கொக்கு எழுதினான்: 'அக்காதான் பாவம், காலம் பூரா பசை கிண்டுது.' எழுதிவிட்டு மார்க்கரைப் பக்கெட்டின் மேல் வைத்துவிட்டு, பேனல் அறுக்க பால்கனிக்குப் போனான்.

அந்த வரி உள்ளே போய்த் தைத்துவிட்டது. அது பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு ஆழம் போயிருக்காது. குண்டுவின் பென்சில் முனை உடைந்திருந்தது. பக்கெட்டின் மேல் மார்க்கர் இருந்தது. ஆயுளில் முதல்முறையாக மையைச் சுவரில் வைத்தார். அழுத்தி அழுத்தி, கையளவு எழுத்தில் எழுதினார்:

'என் வீட்டுச் சோறு தின்னு வளந்தவன் நீ.'

கொக்கு திரும்பி வந்தான். படித்தான். மார்க்கருக்கு மூடி போட்டுப் பைக்குள் வைத்தான். அறுத்த பேனலைச் சுவரோரம் சாத்தினான். பாதி வேலையில், மணி மூன்றுகூட ஆகாத நேரத்தில், லிஃப்டுக்குப் போய்விட்டான்.

குண்டு தமக்குத்தாமே ஒரு வக்கீலை வைத்துக்கொண்டார். சொல்லிக்காட்டக் கூடாது என்றுதானே மனைவி சொன்னாள். நான் எங்கே சொன்னேன், எழுதினேன். வக்கீல் மோசமில்லை. ஆனால் வீட்டுக்குப் போகிறவரை அவன் வாதம் குண்டுவுக்கே ருசிக்கவில்லை. நாளைக்குக் காலையில் பேனல் ஏறிவிடும், எல்லாம் பின்னால் போய்விடும் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மறுநாள் மனைவியும் வேலைக்கு வருவதாக ஏற்பாடு. பதினோரடிச் சுவரில் ஒற்றை ஆளாக ஈரப்பட்டையைத் தூக்க முடியாது. கொக்கு போன பிறகு உயரமான சுவர்களுக்கு அவள்தான் ஏணி ஏறினாள். குண்டு ஏறினால் ஏணி முனகும்.

அவர்கள் கட்டிடத்தின் வாசலுக்கு வந்தபோது ஒன்பது மணி. அப்போதுதான் டிசைனர் மேடத்தின் போன். சோபா நடுவில் வரவேண்டும் என்று வீட்டுக்காரர்கள் ஆசைப்படுகிறார்களாம். அதனால் கோட்டை வலதுபக்கம் ஒரு பட்டை அகலத்துக்குத் தள்ளிக்கொள்ளுங்கள் அண்ணா, உங்களிடம் ஒரு பட்டை உபரி இருக்கிறதல்லவா, பேனல் ஆளுக்கும் சொல்லிவிட்டேன் என்றாள்.

உபரி இருந்தது. நாலு ரோல், எட்டுப் பட்டை. ஏழுக்குத்தான் கணக்கு. இப்போது எட்டும் வேண்டும். அதே சாயத்தில் இன்னொரு ரோல் கடையில் இல்லை; அந்த பேட்ச் தீர்ந்துபோய் மாதமாகிறது. இதெல்லாம் குண்டுவுக்கு இரண்டாவதாகத்தான் உறைத்தது. முதலில் உறைத்தது, வலதுபக்கம் ஒரு பட்டை அகலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது.

மேலே போக இன்னும் அனுமதி வரவில்லை, நான் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று மனைவியையும் பசைப் பக்கெட்டையும் வாசலிலேயே உட்காரவைத்தார். ஆறு மாடிக்கும் லிஃப்ட் எத்தனை மெதுவாகப் போகும் என்பதை அன்றுதான் கண்டார். கொக்கு எழுதியது, தாம் எழுதியது என்று பார்க்காமல் மொத்தத்துக்கும் வெள்ளைப் பிரைமர் அடித்தார். மையைக் கட்டிப்போடுகிற சீலர் என்று தனியாக ஒன்று உண்டு. அது கடையில் இருக்கிறது. போய் வாங்கி வந்து அடித்துக் காயவைக்க அரைநாள் ஆகும். மனைவியிடம் அரைநாளுக்கு என்ன காரணம் சொல்வது? வெறும் பிரைமரையே இரண்டு கை அடித்து, அட்டையால் விசிறு விசிறு என்று விசிறினார். நாற்பது நிமிடத்தில் சுவர் வெள்ளைவெளேர் என்று குழந்தை முகம்போல ஆகிவிட்டது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவர்கள் தொழிலையே விடவேண்டும் என்று சொல்லியிருப்பார்.

மனைவி மேலே வந்தாள். கொஞ்ச நேரத்தில் கொக்குவும் வந்தான். அக்காவைப் பார்த்துச் சிரித்தான். பிறகு சுவரைப் பார்த்தான், பிரைமர் திட்டைப் பார்த்தான். பையைத் திறந்து டேப்பை எடுத்தான். அவன் இன்னும் அக்காவிடம் சொல்லவில்லை என்பது குண்டுவுக்கு அப்போதுதான் விளங்கியது. தினமும் போனில் பேசுகிறவர்கள். ஒரு மனிதனுக்கு அங்கே நெஞ்சு இளகியிருக்க வேண்டும். குண்டுவுக்குக் கொதித்தது. வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருக்கிறான், நேரம் பார்த்து எடுக்க இடுப்பில் செருகி வைத்திருக்கிறான் என்று தோன்றியது.

வேலை ஆரம்பமானது. புதுக் கோட்டிலிருந்து தொடங்கி இடதுபக்க மூலையை நோக்கிப் போவது பேப்பரின் முறை. ஆகவே முதல் பட்டையே அந்த இடத்தின் மேல்தான் ஏறியது. வெளிர் சந்தன நிறம், அதில் வெள்ளி இழையாகப் புல் இதழ்கள். மனைவி ஏணிமேல், குண்டு கீழே. கொக்கு கோட்டுக்கு அந்தப் பக்கம். மூன்று பேர் நடுவில் பேச்சு அக்கா வழியாகத்தான் போய்வந்தது. அக்கா, தூசி பறக்குதுன்னா பேப்பரைச் சுருட்டி வச்சிக்கச் சொல்லு. ஏம்மா, உன் தம்பி பால்கனிக் கதவைச் சாத்திட்டு அறுக்கலாமே. அக்கா, சாத்தினா எனக்கு மூச்சு முட்டும், உன் வீட்டுக்காரருக்கு அது சந்தோஷமா இருக்கும். நான் என்ன தபால்காரியா, நேராப் பேசித் தொலைங்க என்றாள் அவள். இரண்டு பேரும் உடனே வாயை மூடிக்கொண்டார்கள்.

இரண்டாவது பட்டை ஏறியபோது குண்டு முதல் பட்டையைத் திரும்பிப் பார்த்தார். சுத்தம். மூன்றாவதற்கும் பார்த்தார். சுத்தம். நாலாவது பட்டையில் அவருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இரண்டு கை பிரைமர் போதும், நாமாகத்தான் இத்தனை வருடம் ஊரைப் பயமுறுத்திக்கொண்டிருந்தோம் என்று நினைத்தார். ஐந்தாவதில் லேசாகச் சீட்டியடித்தார். இதழோடு இதழ் பொருந்துவதில் கண் போய்விட்டது. ஆறாவது பட்டைக்கு இடதுபக்கக் கோடியில் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தபோது பின்னால் ஏதோ சாத்துகிற சத்தம் கேட்டது.

திரும்பினார். கொக்கு ஒரு முழு பேனலைக் கொண்டுவந்து முதல் பட்டையின் மேல் சாத்தி வைத்திருந்தான். ஈரம் காயாத பேப்பர்மேல். ஒரு முனை பட்டாலே குழி விழும். இதைவிடப் பெரிய பாவம் இந்தத் தொழிலில் இல்லை. பதினோரு வருடம் இதே கையில் வேலை கற்றவனுக்கு அது தெரியாதா என்ன.

அக்கா வழியாகச் சொல்லி அனுப்ப அவருக்குப் பொறுமை இல்லை. நாலு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை நேராகவே வந்தது.

"என் பேப்பர்மேல உன் குப்பையச் சாய்க்கிறியா? வேணும்னே பண்றியா?"

"அத எடுக்காதீங்க," என்றான் கொக்கு.

"எடுத்தா என்ன பண்ணுவ?"

"மாமா, எடுக்காதீங்க. சொன்னாக் கேளுங்க."

குண்டு பேனலைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டார்.

பேப்பரில் குழி விழவில்லை. அம்மை போட்டதுபோல இளஞ்சிவப்பாக ஒரு வரி எழும்பியிருந்தது. மற்ற சொற்கள் மங்கலாக, பாதி பாதியாக. 'சோறு' மட்டும் அழுத்தி எழுதியதால் அச்சடித்ததுபோல. கொக்குவின் எழுத்துகள் மேலே வெறும் நிழலாகத்தான் இருந்தன. அவன் எப்போதுமே கை அழுத்தாமல் எழுதுகிறவன்.

ஏணியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தவளுக்கு அதைவிட நல்ல இடம் அமையாது. அவள் படித்தாள். அளவுக் குறிப்புகளில், கடைச் சீட்டுகளில், அடுக்களைக் காலண்டரில் என்று தினமும் பார்க்கிற கையெழுத்து. யார் எழுதியது என்று அவள் கேட்கத் தேவையில்லை.

குண்டு வாயைத் திறந்தார். வக்கீல் ஓடிப்போயிருந்தான்.

அவள் இறங்கி வந்தாள். மேஜையில் ஏழாவது பட்டை பசை தடவி மடித்து ஊறிக்கொண்டிருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தாள். "அத எடுங்க, காஞ்சிடும்," என்றாள். அவ்வளவுதான். ஏழாவது பட்டையையும் எட்டாவதையும் அவர்கள் ஒட்டி முடித்தார்கள். அந்த இரண்டு பட்டைகளைப்போல நேராக அவர் வாழ்க்கையில் ஒட்டியதில்லை. கையில் பசை இருந்ததால் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை, தப்பான நேரத்தில் தும்மவும் பயமாக இருந்தது.

முடித்ததும் அவள் பிரஷ்ஷைக் கழுவினாள். தம்பியிடம் போனாள்.

"எப்ப எழுதினது?"

"நேத்து."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

கொக்கு ஒரு ஸ்குரூவை விரலில் உருட்டிக்கொண்டிருந்தான். "சொல்லி என்ன ஆகப்போகுது? பொய்யா எழுதியிருக்காரு? தின்னேன்ல."

அவள் திரும்பி வந்து சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். பெரிய டப்பா. மூன்று பேருக்குச் சமைத்திருந்தாள். தம்பியும் அதே சுவரில் வேலை செய்கிறான் என்று தெரிந்ததிலிருந்து அவளுக்கு அதுதான் எண்ணம். மொத்தத்தையும் கணவர் முன்னால் தள்ளினாள்.

"சாப்பிடுங்க. உங்க வீட்டுச் சோறு."

அக்காவும் தம்பியும் கீழே கடையில் ஏதாவது சாப்பிட்டுக்கொள்கிறோம் என்று போய்விட்டார்கள். லிஃப்ட் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் தன் கைப்பையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்பதைக் குண்டு கவனித்தார்.

மூன்று பேர் சோற்றுக்கு முன்னால் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்டது என்று அவருக்கு அதுவரை தெரியாது. சாதாரணமாக அந்த அளவைப் பார்த்தால் அவர் வயிறு சந்தோஷப்படுகிற வயிறு. அன்று மூடியைத் திறக்கவில்லை. பன்னிரண்டு வயதில் அந்தப் பையன் தட்டைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிடுவான். இன்னும் போடு என்று ஒருநாளும் கேட்டதில்லை. கழுத்து இவ்வளவு நீளமாக இருக்கிறதே, அதற்குள் சோறு இறங்கி முடிக்கவே சாயங்காலம் ஆகிவிடுமே என்று கேலி செய்து, அவன் சிரிக்கிற நேரம் பார்த்து இன்னொரு கரண்டி போடுவார் குண்டு. அதையும் யோசித்தார். அப்புறம் இன்னொன்றும் யோசித்தார்: கூரை ஓரத்தை அவன் கை பிடித்திருக்காவிட்டால் இந்தப் பதினோரு வருடத்தில் அந்த வீட்டில் அரிசி எங்கிருந்து வந்திருக்கும் என்று. இந்தக் கேள்வியை அவர் முன்பு ஒருநாளும் பக்கத்தில் வரவிட்டதில்லை.

எழுந்து போய் முதல் பட்டையின் மேல் மூலையை, ஏணி ஏறி, அது முனக முனக, நகத்தால் பிய்த்தார். காயாத பேப்பர் தோலுரிகிறதுபோல முழுசாக வந்தது. வெள்ளி இதழ்கள் அவர் தலைமேல் விழுந்தன. உலகத்தில் அந்தச் சாயத்தில் இன்னொரு பட்டை கிடையாது. பேப்பருக்குக் கீழே, பிரைமர் ஊறிப்போய், எழுத்து இன்னும் பளிச்சென்று நின்றது. சுரண்டுகிற கத்தியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். பிரைமர் போனது, பட்டி போனது. மை அதற்கும் கீழே இறங்கியிருந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது சிமென்ட் தெரிந்துகொண்டிருந்தது. கீழே கடையில் டீயைத் தவிர ஒன்றும் இல்லையாம். அது பின்னால் தெரிந்தது. இரண்டு பேரும் வாசலிலேயே நின்று பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை. குண்டுவும் திரும்பவில்லை. முகம் முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. ஆளைப் பார்த்தால் பட்டி பார்த்து முடித்த சுவர்போல இருந்தார்.

அந்தக் கோலத்தில்தான் டிசைனர் மேடம் உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்தாள், தரையில் கிடந்த பேப்பரைப் பார்த்தாள். என்ன அண்ணா இது, சுவர் ஈரமா, பேப்பர் மட்டமா, இல்லை பேனல் ஆள் ஏதாவது இடித்துவிட்டாரா என்று கேட்டாள். மூன்று நல்ல காரணங்களை அவளே எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவதைச் சொன்னபோது கொக்குவையும் பார்த்தாள். குண்டு 'ஆமாம்' என்று தலையாட்டினால் முடிந்தது.

குண்டு கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் சுவத்துல மார்க்கரால எழுதினேன் மேடம். இவன் என் மச்சினன். என் வீட்டுச் சோறு தின்னு வளந்தவன்னு எழுதினேன். அது மேல ஊறி வந்துடுச்சு. பேப்பர் மேலயும் தப்பில்ல, இவன் மேலயும் தப்பில்ல."

இப்படி ஒரு காரணத்தை மேடம் படித்த படிப்பில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். பிறகு கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். மத்தவங்க வீட்டுச் சுவர் உங்க குடும்பச் சண்டைக்கு ஸ்லேட்டா என்றாள். சாமான்கள் நாளைக்கு வருகின்றன, நான் அவர்களுக்கு என்ன பதில் சொல்வேன் என்றாள். அடுத்த வீட்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வர வேண்டாம் என்றும் சொன்னாள். குண்டு தலையாட்டிக்கொண்டார். பின்பு அவள் டேப்பைப் பிடித்து அளந்து, சோபாவைக் கொஞ்சம் நகர்த்தினால் கோடு பழைய இடத்துக்கே திரும்பலாம், அந்த இடத்தில் பேனல் ஏற வேண்டும் என்றாள். பேனல் இருக்கிறதா என்று கொக்குவைக் கேட்டாள்.

கோட்டைத் தள்ளியதில் மிஞ்சின பேனல்கள் நாலும் பால்கனியில் சாத்தியிருந்தன. அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"இருக்கு," என்றான் கொக்கு. "அவர் கேக்கட்டும்."

மேடம் இது என்னடா புது வம்பு என்பதுபோல இருவரையும் பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

குண்டு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பேனலப் போட்டுடு."

"அது கேக்கறது இல்ல. அது வேலை சொல்றது."

"பேனல் போடுறியா?"

"யார்கிட்ட கேக்குறீங்க? சுவத்துகிட்டயா?"

குண்டு சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். அவனை நேராகப் பார்க்க வேண்டுமானால் அவர் எப்போதும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். "உங்கிட்டதான் கேக்குறேன். நான் எழுதினத நீ மூடித் தருவியா?"

"மூடுறேன்," என்றான் கொக்கு. "மேடத்துக்காக. அக்காவுக்காக. நீங்க எழுதினது அதுக்காகப் போயிடாது. நான் செத்தாலும் அத மறக்கமாட்டேன், தெரிஞ்சுக்கோங்க."

"தெரியும்."

"உங்க வீட்டுக்கு இனிமே வரமாட்டேன்."

"அதுவும் தெரியும்."

கொக்கு பால்கனியிலிருந்து பேனல்களைத் தூக்கி வந்தான். சுரண்டிய பள்ளத்தைக் கையால் தடவிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சுரண்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்திருப்பார் என்று பொதுவாகச் சொன்னான். பதினோரடிக்கு அவனுக்கும் ஏணி வேண்டும். ஏணி வழுவழுப்பான தரையில் நின்றது. ஆள் பிடிக்காமல் நிற்காது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. குண்டு போய் ஏணியின் காலடியைப் பிடித்துக்கொண்டார். இதுவும் பிடிக்கத் தெரியாதா, இடதுகாலை அழுத்துங்கள், கனம் இருக்கிறதல்லவா, அதை ஒருநாளாவது உபயோகப்படுத்துங்கள் என்று மேலேயிருந்து திட்டு விழுந்தது. குண்டு அழுத்தினார். முதல் பேனல் 'சோறு' இருந்த இடத்தை மூடியது. இரண்டாவதும் ஏறியது.

மனைவி அதுவரை கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து, கைப்பையை மடியிலேயே வைத்திருந்தாள். இப்போது அதைக் கீழே வைத்தாள். திறக்காமல் கிடந்த டப்பாவை இழுத்தாள். மூடியில் தம்பிக்குப் போட்டு ஏணிக்கு நீட்டினாள். அவன் ஏணியின் நடுப்படியிலேயே உட்கார்ந்து வாங்கிக்கொண்டான். "இது நான் சமைச்சது," என்றாள், யாரைப் பார்த்தும் இல்லாமல். அடுத்ததாகத் தனக்குப் போட்டுக்கொண்டாள். டப்பாவை மூடினாள்.

குண்டு ஏணியை விடவில்லை. பார்வையை மட்டும் பேனல் பக்கம் வைத்துக்கொண்டார். மரம்போல அச்சு வார்த்த அந்த வரிகளை இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததில்லை. அவ்வளவு மோசமாக இல்லை என்பதை எக்காரணம்கொண்டும் வெளியே சொல்வதில்லை என்று முடிவுசெய்தார். வயிறு மட்டும் அவரைக் கேட்காமல் சத்தம் போட்டது. காலியான ஹாலில் அது மூன்று பேருக்கும் கேட்டது.

கொக்கு மென்றுகொண்டே, கீழே பார்க்காமல் சொன்னான்:

"அவருக்கும் போடுக்கா. ஏணியப் புடிக்கிறவர் மயங்கி விழுந்தா, மேல இருக்கிற நான்தான் உடையணும்."

அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். டப்பாவைத் திறந்து, தட்டில் போட்டு, எழுந்து வந்து ஏணிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். வெறும் சோறு. தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்கவில்லை. குண்டு ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறுகையைச் சட்டையில் துடைத்து, குனிந்து அதை எடுத்தார்.